பித்தளைக் கூடு கழுவுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பொழுதுபோக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எதைக் கொண்டு கழுவுவது? சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. தோட்டாவில் குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், அதற்குத் தீ மூட்டும், அடியிலுள்ள ப்ரைமரும் ஒருமுறைதான் வெடிக்கும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு வைத்தால் மறுபடியும் சுடலாம். நான் ஒஹாயோவில் ஒரு தொழிற்சாலையில் டூல் அண்ட் டை பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரைபிள் போட்டிகளில் சுடுவது நெடுநாள் பழக்கம். இனி கடிதங்கள்.

கேள்வி: ஐயா, நான் புதிதாக 9 எம்எம் தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டு வருகிறேன். ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், பொறுக்கிய கூடுகள் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. கூடுகளைப் பொடியோடு குலுக்கித் தேய்க்கும் இயந்திரமான அதிரும் டம்ப்ளர் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். தண்ணீரும் ஸ்டீல் பின்களும் போட்டு உருட்டு என்கிறார் இன்னொருவர். யூடியூபில், ஒலியலையால் தண்ணீரை அதிரவைத்துக் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி என்கிறார்கள். அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறேன், இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். எதை வாங்குவது?
*– ச. ர., கொலம்பஸ், ஒஹாயோ*

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்கள் எழுதியதை நான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

நாம் வாங்கும் சாதாரண ப்ரைமரில் லெட் ஸ்டைஃப்னேட் என்ற ஈயக் கலவை இருக்கிறது. வெடித்ததும் அந்த ஈயம் எங்கும் போய்விடுவதில்லை. கூட்டின் உட்புறத்திலும் ப்ரைமர் குழியிலும் சாம்பல் நிறப் பொடியாக ஒட்டிக்கொள்ளும். அதிரும் டம்ப்ளரில் மக்காச்சோளத் தக்கைப் பொடியோ வால்நட் ஓட்டுப் பொடியோ போட்டு உலர்வாக உருட்டும்போது அந்த ஈயம் கூட்டை விட்டுப் பொடிக்கு மாறுகிறது. ஓடும்போது மூடி இருப்பதால் பரவாயில்லை. முடிந்த பிறகு சல்லடையில் கொட்டிச் சலிப்பீர்களே, அப்போது எழும் தூசிதான் வில்லன். அது கார்ப்பெட்டில் இறங்கும். உங்கள் மகள் அந்தக் கார்ப்பெட்டில் உட்கார்ந்து விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பாள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் அளவுக்கு வந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி வரம்பைக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்றும் அது சொல்லவில்லை. ஆகவே அபார்ட்மென்ட்டுக்குள் உலர் டம்ப்ளர் வேண்டாம். பால்கனியில் வைக்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். காற்று உள்ளேதான் வரும்.

ஈரமுறைக்குப் போங்கள். தண்ணீரில் தூசி பறக்காது. ஆனால் ஸ்டீல் பின்கள் உங்களுக்கு இப்போது தேவையில்லை. அவை பித்தளையைப் பொன் மாதிரி ஆக்கிவிடும், ப்ரைமர் குழியின் மூலை வரை சுரண்டிவிடும், எல்லாம் உண்மை. ஆனால் 9 எம்எம் பயிற்சித் தோட்டாவுக்கு ப்ரைமர் குழி பளிச்சென்று இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பின்கள் கால் அங்குல நீளமுள்ள மெல்லிய கம்பித் துண்டுகள். எவ்வளவு காந்தம் வைத்து அள்ளினாலும் ஒன்றிரண்டு தப்பித்துத் தரைக்கு வரும். குழந்தை இருக்கும் வீட்டில் அது தேவையற்ற தலைவலி.

முதலில் எந்த இயந்திரமும் வாங்காமல் ஒரு வாளியோடு ஆரம்பியுங்கள். கூடுகளை நல்ல வெளிச்சத்தில் பரப்பிக் கையால் பிரியுங்கள். சுடப்படாத முழுத் தோட்டா ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ரேஞ்ச் தரையில் பொறுக்கியதில் இது சகஜம். காந்தத்தை மேலே ஓட்டினால் இரும்புக் கூடுகள் ஒட்டிக்கொள்ளும். அலுமினியக் கூடுகளைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டையும் ஒதுக்குங்கள். பல அளவுகள் கலந்திருந்தால் தனித்தனியாகக் கழுவுங்கள். ஏனென்றால் 9 எம்எம் கூடு .40 கூட்டுக்குள் போய் இறுகிக்கொள்ளும், .40 போய் .45-க்குள் இறுகும். அப்புறம் பிடுங்க இடுக்கி தேவைப்படும்.

பிறகு பழைய ப்ரைமரைத் தட்டி எடுங்கள். இதற்கென்று டீகேப்பிங் டை தனியாக விற்கிறார்கள். அது கூட்டின் பக்கச் சுவரைத் தொடாது என்பதால் அழுக்குக் கூட்டால் டை கீறப்படும் பயம் இல்லை. ப்ரைமரை எடுக்காமல் கழுவினால் தண்ணீர் அதற்குப் பின்னால் தங்கிக் காயவே காயாது. எடுத்த பழைய ப்ரைமர்களை மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். ஈயப்பொடி அதிகம் இருப்பது அதில்தான்.

ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான, குழாய்ச் சுடுதண்ணீர். அதில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் பொடி, சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கூடுகளைப் போட்டுப் பத்து நிமிடம் கையுறையோடு அலசுங்கள். தண்ணீர் கறுத்துப் பச்சையோடும். கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அவ்வளவுதான். நன்றாக ஊறட்டும் என்று ராத்திரி முழுக்க அமிலத்தில் விட்டுவிடாதீர்கள். தோட்டாப் பித்தளை என்பது 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் வலுவாகவோ நீண்ட நேரமோ வேலை செய்தால் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பில் செம்பு மட்டும் நிற்கும். கூடு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதுதான் காரணம். லேசான ரோஜா நிறம் மேலோட்டமானதுதான். திட்டுத் திட்டாக இருந்தால் அந்தக் கூட்டை ஒதுக்கிவிடுங்கள்.

அந்த வாளி, அந்த வடிகட்டி, அந்தத் துண்டு எதுவும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. கழுவிய தண்ணீரையும் பாத்திரம் தேய்க்கும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். முக்கியமாக, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பீர்கள், நம் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கும், அதற்கு ஊற்றவே வேண்டாம்.

காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துண்டில் போட்டு உருட்டித் தண்ணீரை உதறுங்கள். பிறகு வடாம் காயப்போடுவது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஃபேனைப் போட்டு, குழந்தைக்கு எட்டாத இடத்தில் விடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஜூலை மாத ஒஹாயோ புழுக்கத்தில் கூடுதல் நாள் கொடுங்கள். ஈரமான கூட்டில் மருந்து போட்டால் அது சரியாக எரியாமல் குண்டு குழல் நடுவில் நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

கூடுகளின் எண்ணிக்கை பெருகி வாளி போதாமல் போனால், அப்போது தண்ணீர் விட்டு உருட்டும் ரோட்டரி டிரம் ஒன்று வாங்குங்கள். பின்கள் போடாமல் கூடுகளையும் சோப்பையும் சிட்ரிக் ஆசிடையும் மட்டும் போட்டே உருட்டலாம். கூடுகள் ஒன்றோடொன்று உரசியே சுத்தமாகிவிடும். ஆசிட் அளவு ஒரு 9 எம்எம் கூடு நிறைய இருந்தால் போதும். நம் ஆட்கள் அளவுக்கரண்டிக்குப் பதிலாக அதையேதான் பயன்படுத்துகிறோம்.

அல்ட்ராசானிக் மோசமில்லை. உட்புறம் அருமையாகச் சுத்தமாகும், வெளியே மங்கலாகவே இருக்கும். ஆனால் வீட்டுக்கு வாங்கும் தொட்டியில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். ஒரு வாளிக் கூடு வைத்திருக்கும் உங்களுக்கு அது சரிப்படாது.

ஒருநாள் தனி கராஜ் உள்ள வீட்டுக்குப் போனீர்கள் என்றால் எழுதுங்கள். அப்போது என் பதில் மாறும். மலிவு, காயவைக்கும் தொல்லை இல்லை, வருஷக்கணக்கில் உழைக்கும். அந்த நிலையில் உலர் டம்ப்ளரைத்தான் சொல்வேன்.

கேள்வி: ராணுவ ரகத்து 5.56 கூடுகளை வாங்கினேன். எவ்வளவு நேரம் டம்ப்ளரில் ஓடவிட்டாலும் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாக ஒரு கறை போகவில்லை. பழைய கூட்டை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?
*– வி. கு., சார்லட், வட கரோலினா*

பதில்: இல்லை. அது கறையே இல்லை. கழுத்தை மிருதுவாக்க ஆலையில் சூடு காட்டியபோது வந்த நிறம். சந்தைக்கு வரும் சாதாரணக் கூடுகளுக்கும் சூடு காட்டுகிறார்கள். அழகுக்காகக் கடைசியில் பாலிஷ் போட்டு அழித்துவிடுகிறார்கள், ராணுவக் கூட்டில் அப்படியே விடுகிறார்கள். டம்ப்ளரை நிறுத்துங்கள், கரண்ட் பில் மிச்சம்.

கேள்வி: .308 போல்ட் ரைபிளில் 600 கஜத்தில் சுடுகிறேன். போன வருடம் வரை மக்காச்சோளப் பொடிதான். பின்களுக்கு மாறியதும் கூடுகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் குண்டு அமர்த்தும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இறுக்கமாக இறங்குகிறது. சில சமயம் கிறீச்சென்கிறது. இலக்கில் மேலும் கீழும் சிதறலும் கூடியிருக்கிறது. டை தேய்ந்துவிட்டதா?
*– பா. அ., டாலஸ்*

பதில்: டையைக் கழற்றாதீர்கள். உங்கள் கூடு தேவைக்கு மேல் சுத்தமாகிவிட்டது.

சுட்ட கூட்டின் கழுத்துக்குள் மெல்லிய கரிப்படலம் ஒன்று இருக்கும். மக்காச்சோளப் பொடி தளர்வான அழுக்கை எடுத்துவிட்டு இந்தப் படலத்தை ஓரளவுக்கு விட்டுவைக்கும். குண்டு உள்ளே இறங்கும்போது அதுதான் மசகு. ஸ்டீல் பின்களும் சோப்பும் சிட்ரிக் ஆசிடும் சேர்ந்தால் அந்தப் படலம் சுத்தமாகத் துடைக்கப்பட்டு வெறும் பித்தளையில் செம்பு உறை குண்டு உரசுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உலோகக் குடும்பம், ஒன்றையொன்று பற்றி இழுக்கும். ஒரு கூட்டில் அதிகம், இன்னொன்றில் குறைவு. குண்டைக் கழுத்து பிடித்திருக்கும் பிடி மாறினால் வேகமும் மாறும். 100 கஜத்தில் இது தெரியாது. 600 கஜத்தில் மேலும் கீழுமாகத்தான் தெரியும், நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான்.

நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை மணி நேரம் உருட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. கூடுகளின் வாய் ஒன்றோடொன்று மோதி மோதி விளிம்பு மடிந்து தடித்துவிடும். விரல் நகத்தை வாய்க்குள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். தட்டினால் அந்த மடிப்பை எடுக்காமல் குண்டு அமர்த்தக்கூடாது.

இரண்டு வழி இருக்கிறது. பின்களை விட மனமில்லை என்றால், கழுவிக் காயவைத்த பிறகு கழுத்துக்குள் கிராஃபைட் பொடி தொட்ட பிரஷ்ஷை ஒருமுறை விட்டு எடுங்கள். இல்லையென்றால் பழையபடி மக்காச்சோளப் பொடிக்கே திரும்புங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஒரு சுடுதளம், 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். அங்கே வரிசையில் பக்கத்தில் படுத்துச் சுடும் நல்ல கைகளின் தோட்டாப் பெட்டியை எட்டிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். நான் பார்த்தவரை பல பெட்டிகளில் மங்கிய பித்தளைதான் இருக்கும்.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். உலர்முறையில் பழைய ப்ரைமரோடேயே உருட்டிவிட்டு, பிறகு தட்டி எடுங்கள். எடுத்துவிட்டு உருட்டினால் ப்ரைமரின் தீ உள்ளே போகும் துளையில் பொடி அடைத்துக்கொள்ளும். அந்தத் துளை இரண்டு மில்லிமீட்டர்தான். பெயின்ட் கரைக்கப் பயன்படும் மினரல் ஸ்பிரிட் ஒரு மூடியும், துணி உலர்த்தும் மெஷினில் போட்டு எடுத்த பழைய டிரையர் ஷீட்டைக் கிழித்து நாலு துண்டும் போட்டால் தூசி கணிசமாக அடங்கும். கராஜ் கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு சலியுங்கள்.

கேள்வி: தம்பி, நான் மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அவன் ஏதோ எலுமிச்சை வாசனைப் பொடியைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டி அந்தப் பித்தளைக் குழாய்களைக் கழுவுகிறான். புளி போட்டுத் தேய்த்தால் நிமிஷத்தில் போகாதா? குத்துவிளக்கே அப்படித்தானே தேய்க்கிறோம்? சொன்னால் சிரிக்கிறான்.
*– ஓர் அம்மா, டிராய், மிச்சிகன்*

பதில்: அம்மா, அவர் சிரித்திருக்கக் கூடாது. நீங்கள் சொல்வதும் அவர் செய்வதும் ஒன்றுதான். புளியில் டார்டாரிக் அமிலம், அவருடைய பொடியில் சிட்ரிக் அமிலம். பித்தளை மேல் படிந்த கறுப்பை இரண்டும் ஒரே மாதிரிதான் கரைக்கின்றன.

ஆனால் குத்துவிளக்கை வெளியே தேய்த்தால் போதும். இந்தக் கூட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் சுத்தம் வேண்டும், அந்த வாய்க்குள் உங்கள் சுண்டுவிரலே நுழையாது. புளிக்கரைசலில் சக்கையும் சர்க்கரையும் உண்டு. உள்ளே ஒட்டிக்கொண்டு காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. அதோடு நாம் விளக்குக்குப் புளியோடு கொஞ்சம் உப்பும் சேர்ப்போம். உப்பு மிச்சம் இருந்தால் பித்தளை பச்சை பூக்கும். அதனால்தான் பொடி. இன்னொன்று, அவர் கழுவும் கூடுகளை நீங்கள் உதவிக்குக்கூடத் தொட வேண்டாம். ஈயம் உள்ள அழுக்கு அது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே அடுப்படிக்குப் போங்கள்.

கேள்வி: கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் கூடுகளை ஊறவைத்தேன். அழுக்கு நன்றாகவே போனது. அதில் அமோனியா இருக்கிறது, ஆபத்து என்று ரேஞ்சில் ஒருவர் பயமுறுத்துகிறார். ஒருமுறை ஊறினால் என்ன ஆகிவிடும்?
*– தி. மு., ஃபீனிக்ஸ்*

பதில்: பயமுறுத்தியவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார்.

இதற்குப் பின்னால் நம் ஊர் மழைக்காலம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாமலே பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருந்தன. மழைக்காலத்தில் வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயராகிவிட்டது. காரணம் விளங்கியது 1921-இல். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, காற்றின் ஈரம், கூட்டை இழுத்து நீட்டித் தயாரிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் பித்தளை படிகங்களின் எல்லை வழியே பிளந்துவிடும்.

அன்றைய கூடுகளை விட இன்றையவை இறுக்கம் நீக்கப்பட்டு வருகின்றன. ஆனால் நாம் ஒவ்வொரு முறையும் டையில் போட்டு அழுத்தும்போது அந்த இறுக்கத்தைத் திரும்ப ஏற்றுகிறோம். விரிசல் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே தொடங்கலாம், அதுதான் தொல்லை. சில நிமிடம் பட்டு உடனே அலசியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ‘ஊறவைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அந்தத் தொகுதியை மொத்தமாகப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுவேன். 9 எம்எம் கூடு சில சென்ட்தான். இனி பாலிஷ் எது வாங்கினாலும் லேபிளில் அமோனியா அல்லது அமோனியம் என்று தொடங்கும் சொல் இருக்கிறதா பாருங்கள். பித்தளைக்கென்றே விற்கும் பாலிஷ்களிலும் அது உண்டு. கடையில் பாத்திரப் பித்தளைக்கு என்று எழுதியிருப்பது நமக்குப் பொருந்தாது.

கேள்வி: ஈரக் கூடுகளைச் சீக்கிரம் காயவைக்க சமையலறை அவன் அடுப்பில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைக்கலாமா?
*– செ. நா., நேப்பர்வில், இல்லினாய்*

பதில்: வேண்டாம். தோட்டாப் பித்தளை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில், அதாவது 480 ஃபாரன்ஹீட்டில், மிருதுவாகத் தொடங்கும். 400 என்று வைத்தாலும் வீட்டு அவன் அந்த எண்ணிலேயே நிற்பதில்லை. ஏறி இறங்கும், சூட்டுக் கம்பிக்கு அருகில் இன்னும் அதிகம். கழுத்து மிருதுவானால் குறையில்லை. அடிப்பகுதி மிருதுவானால்தான் ஆபத்து. .308 மாதிரி ரைபிளில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு அழுத்தம் வரை அந்த அடிப்பகுதி தாங்கவேண்டும். அது இளகிப் பிளந்தால் வாயு பீச்சி வருவது உங்கள் முகத்தின் பக்கம். தவிரவும், பீட்சா சுடும் அவனில் ஈயம் பட்ட கூடு எதற்கு? காய்கறி உலர்த்தும் டீஹைட்ரேட்டர் ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி, மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். வீட்டில் யாரும் மாங்காய் வற்றலுக்கு எடுத்துவிடக் கூடாது.

கேள்வி: பழைய ஐரோப்பிய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டு, கூடுகளைக் கழுவுவதற்கு முன் ப்ரைமர் எடுக்கப் போனேன். டீகேப்பிங் ஊசி இரண்டு உடைந்துவிட்டது. என்ன செய்கிறேன் தவறாக?
*– ரா. ஜே., சியாட்டில்*

பதில்: கூட்டின் வாய் வழியே டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, ஊசி நேராக இறங்கும். நடுவில் மேடும் ஓரமாக இரண்டு சிறு துளைகளும் இருந்தால் பெர்டன் வகை. உங்கள் ஊசி அந்த மேட்டில் முட்டித்தான் உடைகிறது. இவற்றை உருவாக்கியவர்களில் பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரையும் ஐரோப்பிய ராணுவங்களில் பல பெர்டனையும் எடுத்துக்கொண்டன. பெர்டன் கூட்டை நிரப்பத் தனிக் கருவியும் தனி ப்ரைமரும் வேண்டும், இங்கே அந்த ப்ரைமர் கிடைப்பதே அரிது. கழுவுவதற்கு முன்பே பிரித்துப் பழைய பித்தளை வாங்குபவரிடம் போட்டுவிடுங்கள்.